வேலைநிறுத்தமும் நம் மனச்சான்றும்

சட்டம் எது என்று சொல்வது நீதிமன்றத்தின் பணி; அறம் எது என்று சொல்ல அது பெரும்பாலும் தயங்கும். 2003 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தயக்கத்தைக் கடந்தது. அவ்வாண்டு ஜூலையில், ஓய்வூதியப் பயன்கள் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தமிழக அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வதற்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை என்றதோடு நீதிபதிகள் நிற்கவில்லை. அதற்கு ஒழுக்க நியாயமும் இல்லை என்றனர். முதல் இரண்டையும் வழக்கறிஞர்களிடம் விட்டுவிடுவோம். மூன்றாவது, கறுப்பு அங்கி அணியாத நாமும் சிந்திக்க வேண்டிய வினா.

அரசு ஊழியரைக் காட்டிலும் போக்குவரத்துத் தொழிலாளரிடமே இவ்வினா கூர்மையாக எழுகிறது. அலுவலகம் ஒரு வாரம் மூடினால் கோப்பு தூங்கும். பேருந்து ஒரு நாள் நின்றால் ஊரே நிற்கும். நிற்பவர் யார் என்றும் நோக்க வேண்டும். கார் உள்ளவருக்கு வேலைநிறுத்தம் ஒரு நாளிதழ்ச் செய்தி. இரு சக்கர வண்டி உள்ளவருக்கு அது சற்றே கூடுதலான புழுதி. விடியலில் கூடையோடு சந்தைக்குப் புறப்படும் பூக்காரிக்கும், சித்தாள் வேலைக்கு நகரம் செல்லும் பெண்ணுக்கும், அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்க முப்பது கிலோமீட்டர் வரும் முதியவருக்குமே அது வேலையிழப்பு, கூலியிழப்பு, நோய். ஆட்டோக்காரர் கேட்கும் தொகை அவர்களுடைய ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். மாதச் சம்பளம் பெறும் ஒருவர் தம் உரிமைக்காக, சம்பளமே இல்லாத ஒருவரின் அன்றாடக் கஞ்சியில் கை வைக்கலாமா? வேலைநிறுத்தத்தை எதிர்ப்போர் முன்வைக்கும் வலிமையான வாதம் இதுவே. இதை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

தமிழகத்தில் இந்த வாதம் உச்சத்தை எட்டியது 2018 ஜனவரியில். போக்குவரத்துத் தொழிலாளரின் ஊதிய ஒப்பந்தம் 2016 ஆகஸ்டோடு முடிந்திருந்தது. புதிய ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேலாகப் பேச்சிலேயே இருந்தது. அடிப்படை ஊதியத்தை 2.57 மடங்காக்க வேண்டும் என்றன சங்கங்கள். 2.44 மடங்கே தர இயலும் என்றது அரசு. ஜனவரி 4 அன்று மாலை பேச்சு முறிந்தது. வழியிலிருந்த பேருந்துகள் பணிமனைகளுக்குத் திரும்பின. பயணிகள் பேருந்து நிலையங்களிலேயே நின்றனர். உயர் நீதிமன்றம் பணிக்குத் திரும்பும்படி ஆணையிட்டும் வேலைநிறுத்தம் எட்டாவது நாள்வரை, ஜனவரி 11 வரை, நீடித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நடுவராக அமர்த்தப்பட்ட பின்னரே பேருந்துகள் வழக்கம்போல் ஓடின. பொங்கலுக்கு ஊர் திரும்பும் கூட்டம் சாலைக்கு வரவிருந்த நேரம் அது.

நாளிதழ்கள் 2.57, 2.44 என்ற இரு எண்களையே பெரிதாக எழுதின. படித்த நாமும், 0.13 மடங்குக்காகவா இத்தனை பேரைத் தெருவில் நிறுத்தினார்கள் என்று முகம் சுளித்தோம். அந்த எண்களுக்குப் பின்னே வேறொரு கணக்கு இருந்தது. ஓய்வுபெற்றவருக்குத் தரப்படாத பணிக்கொடையும், வைப்பு நிதியும், விடுப்புச் சம்பளமும் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்தன. பணியில் இருப்போரின் சம்பளத்தில் வைப்பு நிதிக்கும், ஆயுள் காப்பீட்டுக்கும், கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் பிடித்த தொகை உரிய இடத்தில் கட்டப்படவில்லை என்று சங்கங்கள் மீண்டும் மீண்டும் முறையிட்டு வந்தன. 2017 மே மாதம் நடந்த வேலைநிறுத்தத்திலும் இந்த நிலுவையே முதன்மையாக நின்றது. நிலுவை வெறும் சங்கப் பேச்சு என்று சொல்லவும் வழியில்லை. 2018 வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, ஓய்வுபெற்றோரின் நிலுவைக்காக 750 கோடி ரூபாய் வழங்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். கடன் இல்லாத இடத்தில் எவரும் 750 கோடியை எடுத்து வைப்பதில்லை.

அறநெறி ஆராயும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். ஊதியத்தை எத்தனை மடங்காக்குவது என்பது கோரிக்கை. அதில் இரு தரப்புக்கும் நியாயம் இருக்கலாம். நடுவர் ஒருவர் இடையில் ஓர் எண்ணைச் சொல்லலாம். நிலுவை அத்தகையதன்று. முப்பது ஆண்டு ஓட்டிய வண்டிக்கான கூலியில் ஒரு பகுதியை, முதுமையில் தருகிறோம் என்று சொல்லி நிறுத்தி வைத்த பணம் அது. உழைப்பு கொடுக்கப்பட்டுவிட்டது, அதைத் திரும்பப் பெற இயலாது. விலை மட்டும் வரவில்லை. இதைக் கோரிக்கை என்று அழைப்பதே சொல் வழுவாகும். கடைக்காரர் கடனைத் திருப்பிக் கேட்டால் அதைப் போராட்டக் கோரிக்கை என்று நாம் சொல்வதுண்டா?

அந்தப் பணம் எங்கே சென்றது? ஒருவரும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. ஊழலும் ஊதாரித்தனமும் எந்தக் கழகத்திலும் உண்டு. அது தனிக் கதை. நிலுவையின் பெரும் பகுதிக்கு விளக்கம் அதைவிட எளியது. பேருந்துக் கட்டணம் 2011 நவம்பரில் உயர்ந்தது. அதன் பின் 2018 ஜனவரி 20 வரை உயரவேயில்லை. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் டீசல் எங்கோ போய்விட்டது. 2013 ஜனவரியில், மொத்தமாக டீசல் வாங்குவோருக்கான மானியத்தை மத்திய அரசு நிறுத்தியபோது, தமிழக அரசுப் பேருந்துகள் சாலையோர விற்பனை நிலையங்களில் லாரிகளோடு வரிசையில் நின்று டீசல் போட்டுக்கொண்டன. அங்கே விலை குறைவு. வண்டி ஓடத்தான் வேண்டும். டீசல் கடன் பொறுக்காது. உதிரி பாகக்காரர் காத்திருக்க மாட்டார். காத்திருக்கக் கூடியவர் ஒருவர் மட்டுமே இருந்தார். ஓய்வுபெற்ற ஓட்டுநர். அவருடைய பணத்தில் பேருந்து ஓடியது.

அப்படியானால், அந்த ஆறு ஆண்டுகளில் நாம் மூன்று ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் ஏறி இறங்கிய பேருந்தில், எஞ்சிய கட்டணத்தைச் செலுத்தியவர் யார்? கட்டணத்தை உயர்த்தியிருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மலிவான பேருந்து ஏழைக்குப் பெரும் அருள். பள்ளிப் பிள்ளைக்கு இலவசப் பயணம், நட்டமானாலும் கடைசிக் கிராமத்துக்கு இரவு வண்டி, 2021 மே மாதம் அறிவிக்கப்பட்ட மகளிர் கட்டணமில்லாப் பயணம் ஆகியவை ஒரு சமுதாயம் தன்னைப் பற்றிப் பெருமைப்படத்தக்கவை. 1972 ஜனவரியில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோதும், பாண்டியன், சேரன், சோழன் என்று அடுத்தடுத்துக் கழகங்கள் எழுந்தபோதும், இலாபம் ஒன்றே நோக்கமாயிருந்திருந்தால் பல ஊர்களுக்கு இன்றளவும் வண்டி வந்திராது. (சாதிப் பூசலால் 1997 இல் அப்பெயர்களை எல்லாம் எடுக்க நேர்ந்தது நம் காலத்தின் கேவலங்களில் ஒன்று.) அருள் செய்வது நன்று. ஆனால் அந்த அருளுக்கான செலவை ஊர் முழுவதும் வரியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரே ஒரு தொழிலாளர் கூட்டத்தின் முதுமைப் பணத்திலிருந்து, அவர்களைக் கேளாமலே எடுத்துச் செய்த தருமத்தின் புண்ணியம் யாருக்குச் சேரும்?

இங்கேதான் முதலில் சொன்ன வாதம் சற்று நிலைகுலைகிறது. பயணியை, சண்டைக்கு வெளியே நின்று அடிபடும் மாசற்ற மூன்றாம் ஆளாக அது காட்டுகிறது. அடிபடுகிறார் என்பது உண்மை. குற்றவாளி அல்லர் என்பதும் உண்மை. ஆயினும் வெளியாள் அல்லர். அவர் பயணத்தின் விலையில் ஒரு பங்கை ஒருவர் அவருக்காகக் கொடுத்து வந்திருக்கிறார். அதை அவர் அறியாமல் இருக்கலாம். அறிந்த பின், அவருக்கும் நமக்கும் ஒரு கடப்பாடு உண்டு.

பணத்தோடு இது முடிந்துவிடவில்லை. 2017 அக்டோபர் 20 அன்று, தரங்கம்பாடியை அடுத்த பொறையாறு பணிமனையில், ஓய்வறைக் கட்டடத்தின் கூரை விடியலுக்கு முன் இடிந்து விழுந்தது. இரவுப் பணி முடித்து உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 8 பேர் இறந்தனர். பழைய கட்டடம். முதல் வண்டியை எடுப்பதற்காக அங்கேயே படுத்திருந்தவர்கள். நாம் அதிகாலை நாலரை மணி வண்டியில் ஏறும்போது, அதன் ஓட்டுநர் முந்திய இரவு எங்கே தலை சாய்த்தார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு பணி முடிந்த கையோடு ஆள் இல்லை என்று அடுத்த பணிக்கும் அனுப்பப்படுதல், வண்டி திரும்பும் இடத்தில் கழிப்பறை இல்லாமை, டீசல் சிக்கனம் குறைந்தால் விளக்கக் கடிதம், வசூல் குறைந்தால் ஏச்சு இவற்றையும் எண்ணுவதில்லை. அந்த விபத்து நடந்து மூன்று மாதம் நிறைவதற்குள் வந்ததே 2018 வேலைநிறுத்தம் என்பதை நாளிதழ்த் தலையங்கங்கள் நினைவுகூர்ந்ததாக நமக்குத் தெரியவில்லை.

இனி, இவ்வழக்கில் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பதைச் சொல்வோம். ஓய்வுபெற்றவர் வேலைநிறுத்தம் செய்ய இயலாது. நிறுத்துவதற்கு அவரிடம் வேலை இல்லை. மனு கொடுக்கலாம், நீதிமன்றம் செல்லலாம், பணிமனை வாயிலில் துண்டை விரித்து அமரலாம். அதனால் ஒரு சக்கரமும் நிற்காது. அவருக்காக வண்டியை நிறுத்தும் ஆற்றல் பணியில் இருப்பவரிடம் மட்டுமே உண்டு. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கழகங்களில் 1998 முதல் ஓய்வூதியத் திட்டம் உண்டு. 2003 ஏப்ரலுக்குப் பின் பணியில் சேர்ந்தவர் அதற்கு வெளியே, பங்களிப்புத் திட்டத்தில் வைக்கப்பட்டனர். 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தில் முன்னே நின்ற கோரிக்கைகளுள் ஒன்று, ஓய்வூதியருக்கு 2015 முதல் நிறுத்தப்பட்ட அகவிலைப்படி உயர்வு. அதற்காகச் சம்பளத்தையும் வேலையையும் பணயம் வைத்து நின்றவர்களில், அந்த ஓய்வூதியமே தமக்கு வராத இளைய நடத்துநர்களும் இருந்தனர். பழைய ஓய்வூதியம் தங்களுக்கும் வேண்டும் என்று அவர்கள் கேட்டது உண்மை. அதில் தந்நலம் உண்டு. என்றாலும் மூத்தவரின் அகவிலைப்படியால் அவர்களுக்கு ஒரு காசும் வராது. வேலைநிறுத்தம் என்றாலே தந்நலம் என்று பேசுவோர் இதை எந்தப் பேரேட்டில் எழுதுவர்?

இத்தனையும் சொன்ன பிறகும் பூக்காரியின் கூடை அப்படியே நிற்கிறது. அதை மறந்து சங்கங்களுக்கு மாலை சூட்ட நாம் வரவில்லை. பொதுப் பணியில் வேலைநிறுத்தத்தின் இயல்பே சிக்கலானது. 1918 இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் காந்தியடிகளின் வழிகாட்டலில் 35 விழுக்காடு உயர்வு கேட்டு நின்றபோது, தறி நின்றது; ஆலை முதலாளியின் வருவாய் நின்றது. அழுத்தம் நேரே உரியவரைச் சென்றடைந்தது. நட்டத்தில் ஓடும் பேருந்துக் கழகத்தில் வண்டி நின்றால் உரிமையாளருக்கு நட்டம் அதிகமில்லை. சில தடங்களில் டீசல் மிச்சம் என்றுகூடச் சொல்லலாம். அழுத்தம் பயணியின் உடம்பின் வழியாகவே அரசைச் சென்றடைய வேண்டும். பயணி துன்புற்றுக் கூக்குரலிட்டால்தான் கோட்டையில் கேட்கும். ஒரு மனிதரை இன்னொருவருக்குச் செய்தி அனுப்பும் கருவியாக ஆக்குவது, காரணம் எவ்வளவு நல்லதாயினும், நெருடலான செயலே.

வேலைநிறுத்தக்காரரின் இருக்கையில் வந்து அமரும் தற்காலிக ஓட்டுநரையும் இங்கே நினைக்க வேண்டும். 2018 இல் ஓட்டுநர் உரிமம் வைத்திருந்த இளைஞர்களை அரசு அழைத்து வண்டியைக் கொடுத்தது. அவர்கள் ஓட்டிய பேருந்துகள் மோதிய செய்திகளும் வந்தன. அவர்களைத் துரோகி என்று ஏசுவது எளிது. வேலையில்லாதவனுக்கு ஒரு வாரக் கூலி வந்தால் அவன் என்ன செய்வான்? 1921 இல் சென்னைப் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் வேலைநிறுத்தம் இப்படித்தான் கசந்தது. ஒடுக்கப்பட்ட மக்களில் பலர் ஆலைக்குச் சென்றனர், மற்றோர் சினந்தனர், புளியந்தோப்பு கலவரக் காடாயிற்று. தொழிலாளர் ஒற்றுமை என்ற பெருஞ்சொல்லுக்குள், மற்றவரைவிடப் பட்டினிக்கு நெருக்கமாக இருந்தவரின் கணக்கு எழுதப்படாமலே போயிற்று.

பயணியை வதைக்காமல் அழுத்தம் தர வழியே இல்லையா? 2018 இளவேனிலில் ஜப்பானின் ஒகயாமா நகரில் பேருந்து ஓட்டுநர்கள் ஒரு வழி கண்டனர். வேலைப் பாதுகாப்புக் கேட்டுப் போராடிய அவர்கள், வண்டியை வழக்கம்போல் ஓட்டினர். கட்டணத்தை மட்டும் வாங்க மறுத்தனர். பயணி ஊர் போய்ச் சேர்ந்தார். நட்டம் நிறுவனத்துக்கு நேரே சென்றது. கேட்கும்போதே மனம் குளிர்கிறது. நம் ஊரில் இது எளிதன்று. ஒவ்வொரு பயணச்சீட்டுக்கும் நடத்துநர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாளி. சீட்டு வழங்காமல் ஆளை ஏற்றினால் அது முறைகேடு, பணிநீக்கத்துக்குப் போதுமான குற்றம். நட்டத்துக்குப் பழகிப்போன கழகம் மேலும் சில நாள் நட்டத்தால் துணுக்குறுமா என்பதும் ஐயம். ஆயினும் ஒரு நாள், ஓர் ஊரில், முன்னறிவிப்போடு செய்து பார்த்திருக்கலாம். பயணியை எதிரே நிறுத்தாமல் பக்கத்தில் நிறுத்தும் முயற்சி சங்கங்களிடம் மிகக் குறைவு என்பதே நம் வருத்தம். சுவரொட்டியில் அரசை விளித்து எழுதுகிறார்கள். பேருந்தில் ஏறுபவரை விளித்து எழுதுவது அரிது. அவருடைய கட்டணத்தில் தங்கள் பணிக்கொடை கலந்திருக்கிறது என்பதை அவரிடம் சொன்னவர் எத்தனை பேர்?

நம் திருச்சபை இவ்வினாவைப் புறக்கணித்ததில்லை. 1891 இல் திருத்தந்தை 13ஆம் லியோ எழுதிய தொழிலாளர் சுற்றுமடல், உரிய கூலியைப் பிடித்து வைப்பதைப் பெருங்குற்றமாகக் கண்டித்தது. 1981 இல் இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய மடல் வேலைநிறுத்தத்தை நேரடியாகவே எடுத்துப் பேசுகிறது: தக்க சூழலில், உரிய எல்லைக்குள், அது முறையானதே, அதில் பங்குபெற்றதற்காக எவரும் தண்டிக்கப்படலாகாது, ஆனால் அது கடைசி வழி, சமுதாயத்துக்கு இன்றியமையாத பணிகள் எப்படியும் நடக்க வேண்டும், அரசியல் ஆட்டத்துக்கு அதைப் பயன்படுத்தலாகாது. ஒழுக்க நியாயமே இல்லை என்ற 2003 தீர்ப்போடு இந்த நிலைப்பாடு ஒத்துப்போகாது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவோம் என்ற சங்கத் தலைவரோடும் ஒத்துப்போகாது.

அரசியல் ஆட்டம் என்ற எச்சரிக்கை நம் நாட்டுக்கு நன்றாகவே பொருந்தும். 2018 இல் தொழிலாளர் முன்னேற்றச் சங்கம் வேலைநிறுத்தத்தில் முன்நின்றது. அன்றைய ஆளுங்கட்சியின் அண்ணா தொழிற்சங்கப் பேரவை விலகி நின்றது. 2024 ஜனவரி 9 அன்று மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கியபோது ஆட்சி மாறியிருந்தது. பேரவை வேலைநிறுத்தத்தில் நின்றது, முன்னேற்றச் சங்கம் வண்டியை ஓட்டியது. ஓய்வுபெற்றவரின் நிலுவை இரண்டு ஆண்டுகளிலும் நிலுவையாகவே இருந்தது. கொடியின் நிறம் பார்த்துக் கடனின் நியாயம் மாறுமானால், பூக்காரியிடம் பொறுத்துக்கொள் அம்மா என்று சொல்ல எந்தச் சங்கத்துக்கும் வாய் இல்லை. இதை நாம் கடுமையாகவே சொல்கிறோம்.

நம் தீர்ப்பு என்ன என்று வாசகர் கேட்கலாம். 2.57க்கும் 2.44க்கும் இடைப்பட்ட தொலைவுக்காக, பண்டிகை வாரத்தில், முன்னிரவில், பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டது சரியென்று நமக்குப் படவில்லை. அதற்கு நடுவர் இருந்தார். எட்டு நாள் கழித்து ஏற்ற நடுவரை முதல் நாளே கேட்டிருக்கலாம். நிலுவைக்காகவும், இடிந்து விழும் ஓய்வறைக்காகவும் நிறுத்தியிருந்தால், அறிவிப்புக் கொடுத்து, மருத்துவமனைத் தடங்களை விட்டுவைத்து நிறுத்தியிருந்தால், அதை ஒழுக்க நியாயம் அற்றது என்று சொல்ல நம் மனச்சான்று இடம் தராது. கூலியை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டிருப்பவர், கூலி கேட்பவரின் ஒழுக்கத்தை ஆராய்வதற்கு முன் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வரட்டும்.

2024 இல் உயர் நீதிமன்றம், பொங்கல் நேரத்தில் மக்களை ஏன் வருத்துகிறீர்கள் என்று கேட்டது. சங்கங்கள் ஜனவரி 19 வரை வேலைநிறுத்தத்தை நிறுத்தி வைக்க இசைந்தன. மறுநாளே வண்டிகள் முழு அளவில் ஓடத் தொடங்கின. நீதிமன்றத்தின் கேள்வி நியாயமானது. சங்கங்கள் இசைந்ததும் நன்று. ஓய்வூதியரின் அகவிலைப்படியோ அன்றைக்கும் பேச்சுவார்த்தை மேசையில் ஒரு தாளாகவே இருந்தது. கழகத்தின் அன்றாடச் செலவு தொட முடியாத தனிக் கணக்கில், ஒவ்வொரு மாதமும், டீசலுக்குப் பணம் கட்டும் முன்பாகவே தொழிலாளரின் வைப்பு நிதியைச் சேர்த்துவிட வேண்டும் என்று ஒரு விதி செய்து அதை மீறாதிருந்தால், இந்தத் தாளுக்கே வேலை இருந்திராது. அதனால் கூடும் செலவை வரியாகவோ கட்டணமாகவோ நாம்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.